தியேட்டர் சத்தம் வீட்டுக்கு வருமா? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

பெரிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியவர்கள் அடுத்த சில வாரங்களில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "படம் பளிச்சென்று தெரிகிறது, ஆனால் அந்தக் காலத்துத் தியேட்டர் சத்தம் இல்லையே, அதற்கு எதை வாங்குவது?" கடைக்காரர் தொலைக்காட்சிக்குக் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கரான சவுண்ட்பாரைக் காட்டுகிறார், விவரம் தெரிந்த நண்பர், ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவரும் ஆறு ஸ்பீக்கரும் இல்லாமல் ஆகாது என்கிறார், வீட்டிலுள்ள இளையவர்களோ அந்தப் பணத்தில் பத்து வருடம் தியேட்டருக்கே போகலாம் என்கிறார்கள். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால்தான் குழப்பம் தீராமல் நீள்கிறது. இதில் என் கருத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் ஏங்குவது எந்தக் காலத்துச் சத்தத்துக்கு என்று தெளிவாவதற்கு முன் ஒரு ரூபாயும் செலவிட வேண்டாம். ஏனெனில் காலத்துக்குக் காலம் அந்தச் சத்தம் வெவ்வேறாக இருந்தது. ஒன்றுக்குப் பொருந்தும் கருவி மற்றொன்றைக் கெடுக்கக்கூடும்.

## முதலில், எந்தக் காலத்துச் சத்தம்?

1931இல் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது தொடங்கி 1990களின் முற்பகுதி வரை, மிகப் பெரும்பாலான தமிழ்ப் படங்களின் ஒலி ஃபிலிமின் ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டையாகப் பதிவான ஒற்றைத் தடம்தான். ப்ரொஜெக்டருக்குள் இருந்த சிறு விளக்கு அந்தப் பட்டையின் ஊடாக ஒளியைப் பாய்ச்சும். மறுபுறத்திலுள்ள ஃபோட்டோசெல் அந்த ஒளியின் கூடுதல் குறைவை மின்சாரமாக மாற்றும். அது வால்வு ஆம்ப்ளிஃபயர் வழியே திரைக்குப் பின்னாலிருந்த பெரிய கூம்பு ஸ்பீக்கருக்குச் சென்று, திரையில் இடப்பட்ட நுண்துளைகளின் வழியாக அரங்குக்குள் வரும். வசனம், பாட்டு, இடி, குதிரைக் குளம்பொலி ஆகிய எல்லாமே அந்த ஒரே வாசல் வழியாகத்தான் வந்தன. இடப்பக்கம், வலப்பக்கம் என்ற பேச்சே இல்லாததால், 1952இல் 'பராசக்தி'யோடு திறக்கப்பட்ட மதுரை தங்கம் போன்ற, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அரங்கில்கூட ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் நடுவில் உட்கார்ந்தவருக்கும் ஏறத்தாழ ஒரே கலவைதான் கிடைத்தது.

இந்த ஒலிக்கு இன்னொரு தன்மையும் உண்டு. இன்று வீட்டில் பழைய படம் பார்க்கும் எவருக்கும் அது பயன்படும். ஃபிலிம் ஓட ஓடப் பட்டையில் கீறல் விழும், இரைச்சல் கூடும். அதை அமுக்குவதற்காகத் திரையரங்கின் கருவிகள் உயர்ந்த அதிர்வெண்களை வேண்டுமென்றே மழுங்கடித்தன. சுமார் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பார்வையாளரின் காதுக்கு எட்டியது மிகக் குறைவு. இது தெரிந்திருந்ததால் ஒலிப்பதிவாளர்கள் குரலைச் சற்றுக் கூர்மையாகவே பதிவு செய்தார்கள். பதிவின் கூர்மையும் அரங்கின் மழுங்கலும் ஒன்றையொன்று ஈடுகட்டின. அதே படம் இன்று அந்த மழுங்கல் இல்லாத நவீன ஸ்பீக்கரில் ஓடும்போது குரல்கள் கீச்சென்று காதைக் குத்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது, அகலமான ஃபிலிமில் படம் ஓடிய 70 எம்.எம். காலம். படத்தோடு ஆறு காந்தத் தடங்கள் ஓடின. திரைக்குப் பின்னால் ஐந்து இடங்களிலிருந்தும் பார்வையாளரைச் சுற்றியிருந்த ஸ்பீக்கர்களிலிருந்தும் ஒலி வந்தது. சென்னையில் 1964இல் தொடங்கிய சஃபையர், 1970இல் தொடங்கிய தேவி போன்ற சில அரங்குகளே அதற்கு வசதி பெற்றிருந்தன. 1986இல் வந்த 'மாவீரன்' தமிழின் முதல் 70 எம்.எம். படம். அந்தப் பிரதிகள் செலவு மிக்கவை என்பதால் இது என்றுமே அன்றாட அனுபவமாக ஆகவில்லை. நினைவில் இவ்வளவு பெரிதாக நிற்பதற்கு அந்த அரிதான தன்மையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது, 1996இல் 'கருப்பு ரோஜா' மூலம் தமிழுக்கு வந்த டி.டி.எஸ். என்ற டிஜிட்டல் ஒலிமுறை. இதில் டிஜிட்டல் ஒலி ஃபிலிமில் இல்லை; தனி சி.டி.யில் இருந்தது. அந்த ஒலிக்காக ஃபிலிமில் இருந்ததெல்லாம் சி.டி.யைப் படத்தோடு இணைத்து ஓட வைக்கும் நேரக்குறி மட்டுமே. சிறிய ஊர்த் தியேட்டர்களும் அடுத்த சில ஆண்டுகளில் டி.டி.எஸ். பெட்டியைப் பொருத்தி, அந்த மூன்றெழுத்தைப் படத்தின் பெயருக்கு இணையாகச் சுவரொட்டியில் அச்சிட்டன. நெஞ்சுக்குள் அதிரும் தாழ்ந்த ஒலியும் முதுகுக்குப் பின்னால் கேட்கும் காலடியும் உங்கள் நினைவில் இருந்தால், நீங்கள் தேடுவது இந்தக் காலத்தைத்தான். தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸ் 2012இன் இறுதியில் 'சிவாஜி'யின் முப்பரிமாண வடிவத்தோடு இங்கே வந்தது. அது இன்னும் நினைவாகிவிடவில்லை, நடப்பிலேயே இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அந்தக் காலத்திலும் சினிமா ஒலி வீட்டுக்கு வந்தது, படம் இல்லாமல். வானொலியின் ஒலிச்சித்திரத்தை ஒரு மர்ஃபி ரேடியோ பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டவர்களும், கல்யாண வீட்டுக் கூம்பு ஒலிபெருக்கியில் கதைவசனத் தட்டு ஓட, கூடவே வசனத்தை ஒப்பித்தவர்களும் காட்சியை மனத்தில்தான் பார்த்தார்கள். ஒற்றை ஸ்பீக்கரில் வந்த வசனமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது என்பதைக் கருவி வாங்கும்போது மறந்துவிடக் கூடாது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் வசனத் தெளிவு. வீட்டில் எழும் புகார்களில் பெரும்பகுதி சத்தம் போதவில்லை என்பதல்ல, பேச்சு புரியவில்லை என்பதே. இரண்டாவது, ஒலியின் வீச்சு: கிசுகிசுப்புக்கும் வெடிச்சத்தத்துக்கும் இடையிலுள்ள தூரமும், தாழ்ந்த ஒலியை உடம்பால் உணர முடிவதும். மூன்றாவது, நீங்கள் அதிகம் பார்க்கும் படங்களின் ஒலிப்பதிவோடு கருவிக்கு இருக்கும் பொருத்தம். நான்காவது, உங்கள் அறையும் சுவரைப் பகிர்ந்துகொள்ளும் அண்டை வீட்டாரும். ஐந்தாவது, விலைச்சீட்டில் தெரியாத செலவு. கூட்டம் என்பதையும் ஓர் அளவுகோலாகச் சேர்க்கலாம். ஆனால் அதை எந்தக் கடையிலும் விற்பதில்லை என்பதால் முதல் வழியில் மட்டுமே அதைப் பற்றிப் பேச முடியும்.

## வழி ஒன்று: தியேட்டருக்கே போவது

ஒலியின் வீச்சைப் பொறுத்தவரை இதற்கு வீட்டில் ஈடு இல்லை. திரையரங்குக்கான கலவை ஓர் ஒத்துக்கொண்ட அளவின்படி செய்யப்படுகிறது: திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு தடத்துக்கும் அடிப்படை நிலை 85 டெசிபல், உச்சத்தில் 105 வரை செல்ல இடம், தாழ்ந்த ஒலித் தடத்துக்கு அதற்கும் மேல். ஒலிக் கோப்பும் சுருக்கப்படாத 24 பிட் வடிவத்தில் வருகிறது, ஓ.டி.டி. தளங்கள் அனுப்புவதோ விநாடிக்குச் சில நூறு கிலோபிட்டுக்குள் சுருக்கப்பட்ட வடிவம்.

ஆனால் இவை எல்லாம் அரங்கின் பராமரிப்பைப் பொறுத்தவை. கலவை செய்தவர் கேட்ட அளவில் படத்தை ஓட்ட, ஒலிக்கருவியின் குமிழ் 7 என்ற எண்ணில் நிற்க வேண்டும். காது வலிக்கிறது என்று புகார் வந்தால் அது குறையும். குறைத்தவர் அடுத்த படத்துக்கு அதைத் திருப்பி வைப்பார் என்பதற்கு உறுதியில்லை. அப்போது முதலில் அடிபடுவது மெல்லிய வசனம். இருக்கையும் முக்கியம்: அரங்கின் ஒலி திரையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், நடுவில் உட்கார்ந்திருப்பவரை மனத்தில் வைத்தே சரிசெய்யப்படுகிறது. ஒற்றைத் தடக் காலத்தில் ஓர இருக்கைக்குப் பெரிய நஷ்டமில்லை. இன்று ஓரத்தில் அமர்ந்தால் ஒரு பக்கச் சுவர் ஸ்பீக்கரைத்தான் நீங்கள் அதிகம் கேட்பீர்கள்.

மறைமுகச் செலவுகள் எல்லோரும் அறிந்தவை: வண்டி நிறுத்தம், இணைய முன்பதிவுக் கட்டணம், இடைவேளைப் பண்டம், போக்குவரத்தில் கழியும் நேரம். நால்வர் கொண்ட குடும்பம் மாதம் இரண்டு முறை போனால் ஓர் ஆண்டில் ஆகும் மொத்தத்தை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு அடுத்த பகுதிக்குச் செல்வது நல்லது.

கூட்டத்தைப் பற்றி: முதல் நாள் முதல் காட்சியில் கேட்பது படத்தின் ஒலியல்ல, ரசிகர்களின் ஒலி. விசிலில் பாதி வசனம் போய்விடும். அதைத் தேடிப் போகிறவர்களுக்கு அதுவே படம். வசனத்தைக் கேட்க விரும்புகிறவர்கள் முதல் வாரம் கழிந்து, ஒரு வேலைநாளின் மாலைக் காட்சிக்குப் போகலாம். பழைய படங்கள் அவ்வப்போது டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டுத் திரைக்கு வருவதுண்டு; 1964இன் 'கர்ணன்' 2012இல் மீண்டும் வந்து நன்றாக ஓடியது. அத்தகைய வாய்ப்பு வந்தால் வீட்டிலுள்ள எந்தக் கருவியையும் நம்பி அதைத் தவறவிட வேண்டாம்.

## வழி இரண்டு: சவுண்ட்பார்

தொலைக்காட்சி மெலிய மெலிய அதன் ஸ்பீக்கரும் சுருங்கி, கீழ்நோக்கியோ பின்சுவரை நோக்கியோ திரும்பிவிட்டது. நம்மை நோக்கிப் பேசாத ஒரு ஸ்பீக்கரிடம் வசனத் தெளிவை எதிர்பார்க்க முடியாது. அதனால் ஒரு சாதாரண சவுண்ட்பார்கூடக் கணிசமான முன்னேற்றமாகத் தோன்றும். தேர்ந்தெடுக்கும்போது நடுத்தடத்துக்கென்று தனி ஸ்பீக்கர் உள்ளதா என்பதை முதலில் பாருங்கள். வசனம் பெரும்பாலும் அந்தத் தடத்தில்தான் இருக்கிறது. அட்டைப்பெட்டியில் உள்ள வாட் எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை, நீங்களும் பொருட்படுத்த வேண்டாம்.

'அட்மாஸ்' என்று ஒட்டியிருப்பதை மட்டும் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். சில மாதிரிகளில் மேல்நோக்கிய ஸ்பீக்கரே கிடையாது. இருக்கும் மாதிரிகளோ ஒலியைக் கூரையில் மோதவிட்டுத் திருப்பி அனுப்புவதை நம்பியிருக்கின்றன. அதற்குத் தட்டையான, அதிக உயரமில்லாத கூரை தேவை. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் வரிசையாகக் கட்டைகள் ஓடும் கூரையும், புதிய வீடுகளில் விளிம்பும் பள்ளமுமாக அலங்கரித்த ஃபால்ஸ் சீலிங்கும், இரண்டுக்கும் பொதுவான மின்விசிறியும் அந்த எதிரொலியைச் சிதறடித்துவிடும். இணைப்பிலும் ஒரு கண்ணி உண்டு: ஆப்டிகல் கேபிளில் அட்மாஸ் வராது, தொலைக்காட்சியின் ஒலியை சவுண்ட்பாருக்கு அனுப்பும் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. துளை தொலைக்காட்சியிலும் சவுண்ட்பாரிலும் இருக்க வேண்டும். பலர் இதை வீட்டுக்கு வந்த பிறகே கண்டுபிடிக்கிறார்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், வயரைக் கண்டாலே முகம் சுளிக்கும் குடும்பம், செய்தியும் தொடரும் அதிகமாகவும் சினிமா குறைவாகவும் ஓடும் கூடம் ஆகியவற்றுக்கு இதுவே சரியான தேர்வு. டி.டி.எஸ். காலத்து நெஞ்சதிர்வை இதனிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

## வழி மூன்று: ரிசீவரும் ஆறு ஸ்பீக்கரும்

1996க்குப் பிந்திய படங்களை அவற்றுக்குரிய வடிவில் வீட்டில் கேட்க உண்மையான வழி இதுதான். முன்பக்கம் மூன்று, பின்பக்கம் இரண்டு, தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர் என்ற 5.1 அமைப்பு, ஒலிக்கலவை செய்தவரின் எண்ணத்தைப் பெருமளவு காப்பாற்றுகிறது. ப்ளூரே தட்டில் ஒலி இழப்பின்றிச் சுருக்கப்பட்ட வடிவில் கிடைப்பதால், தட்டு சேர்ப்பவர்களுக்கு இந்தச் செலவு இன்னும் பொருளுடையதாகும்.

ஆனால் இங்கே கருவியைவிட அறைதான் முக்கியம். நம் கூடங்களில் தரை வழவழப்பான டைல்ஸ், சுவர் வெறும் சிமென்ட், ஜன்னலில் கண்ணாடி. ஒலி அவற்றில் மோதி மோதித் திரும்பும்போது வசனத்தின் விளிம்பு மங்குகிறது. கீற்றுக் கொட்டகையில் மணல் தரையும் ஓலைக் கூரையும் ஒலியை உறிஞ்சின, பக்கங்கள் பாதி திறந்தே கிடந்தன. அந்த ஏழைக் கொட்டகையின் வசனத் தெளிவு பல நவீனக் கூடங்களில் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். கனமான திரைச்சீலை, தரைவிரிப்பு, நிறைந்த புத்தக அலமாரி ஆகியவற்றுக்கும் பட்ஜெட்டில் இடம் ஒதுக்க வேண்டும்.

தாழ்ந்த ஒலிக்கு வேறு சிக்கல். மூன்றரை மீட்டர் நீளமுள்ள அறையில் 49 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலி இரு சுவர்களுக்கு இடையே தேங்கி நிற்கும். சுவரோரத்தில் உட்கார்ந்தவருக்கு அது குமுறும், நடுவில் உட்கார்ந்தவருக்குக் காணாமலே போகும். சப்வூஃபரை வேறு இடத்துக்கு நகர்த்திப் பார்ப்பது இதற்கு இலவச மருந்து. மேல்மாடிக்காரருக்கு மருந்து கிடையாது: அடுக்குமாடிக் குடியிருப்பின் கான்கிரீட் தளத்தை வசனம் தாண்டாது, சப்வூஃபர் தாண்டும்.

சுவருக்குள் வயர் ஓட்டும் கூலி, மின்னழுத்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு ஸ்டெபிலைசர், கூடத்தின் பாதியை ஒரு கருவிக்கு எழுதிக் கொடுப்பதற்கு வீட்டாரின் சம்மதம் ஆகியவை மறைமுகச் செலவுகள். சொந்த வீடும், கதவு சாத்தக்கூடிய தனி அறையும், புதிய படங்களை வாரந்தோறும் பார்க்கும் பழக்கமும் இருந்தால் இதைத் தேர்ந்தெடுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மறுபடி யோசியுங்கள்.

## வழி நான்கு: இரண்டே நல்ல ஸ்பீக்கர்

கடைகளில் அதிகம் பேசப்படாத இந்த வழிக்குத்தான் என் சாய்வு. ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே பொருத்திய ஒரு ஜோடி ஸ்பீக்கரைத் தொலைக்காட்சியின் இரு பக்கமும் காது உயரத்தில் வைத்து, ஒற்றைத் தடப் படத்தை ஓட்டினால், இரண்டுக்கும் நடுவே, திரையிலிருந்தே குரல் வருவதுபோல் கேட்கும். 1950களின், 60களின் படங்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஆறு ஸ்பீக்கருக்கு அந்த ஒலியைப் பிரித்துப் பரப்பும் செயற்கை அமைப்புகள் பாடகரின் குரலை அறையெங்கும் கரைத்துவிடுகின்றன. இளையராஜா, ஏ.ஆர். ரஹ்மான் பாடல்களைத் தனியாகக் கேட்கவும் இந்த ஜோடி உதவும். சவுண்ட்பாரால் அதை இவ்வளவு நன்றாகச் செய்ய முடியாது.

குறை என்னவென்றால், அந்த நடுக்குரல் நடுவில் உட்கார்ந்தவருக்குத்தான். ஓரத்தில் உட்கார்ந்தவருக்குக் குரல் அருகிலுள்ள ஸ்பீக்கருக்குச் சாய்ந்துவிடும். ஆறு பேர் வரிசையாக அமர்ந்து பார்க்கும் வீட்டில் இது சண்டைக்கு வழி. ஏற்கெனவே ரிசீவர் வைத்திருப்பவர்கள் பழைய படத்துக்கு நடு ஸ்பீக்கரை மட்டும் பயன்படுத்தும் மோனோ நிலையை முயன்று பார்க்கலாம். திரைக்குப் பின்னால் ஒரே கூம்பு இருந்த அரங்குக்கு மிக நெருக்கமானது அதுதான்.

## வழி ஐந்து: ஹெட்போன்

செலவு குறைவு, அறை எப்படி இருந்தாலும் கவலையில்லை, நள்ளிரவிலும் முழுச் சத்தம். வசனத் தெளிவில் மற்ற எல்லா வீட்டு வழிகளையும் இது வெல்லும். ஆனால் ஒருவர் மட்டுமே பார்க்க முடியும்; ஒற்றைத் தடப் படத்தில் குரல் திரையிலிருந்து வராமல் தலைக்குள்ளேயே ஒலிக்கும்; புளூடூத் வழியில் உதட்டசைவுக்கும் பேச்சுக்கும் இடையே சிறு தாமதம் தோன்றக்கூடும். வயர் உள்ளதை வாங்கினால் இந்தக் கடைசிக் குறை இல்லை.

| வழி | வசனம் | வீச்சும் அதிர்வும் | பழைய ஒற்றைத் தடப் படம் | 1996க்குப் பிந்திய படம் | எதிர்பாராத செலவு |
|---|---|---|---|---|---|
| தியேட்டர் | அரங்கைப் பொறுத்தது | மிக அதிகம் | வாய்ப்பு அரிது | முதலிடம் | பயணம், பண்டம், நேரம் |
| சவுண்ட்பார் | நன்று | நடுத்தரம் | போதுமானது | போதுமானது | பொருந்தாத இணைப்பு, கூரை |
| ரிசீவரும் ஆறு ஸ்பீக்கரும் | அறையைப் பொறுத்தது | அதிகம் | மோனோ நிலையில் நன்று | வீட்டில் முதலிடம் | அறைச் சீரமைப்பு, வயர், அண்டை வீட்டார் |
| இரண்டு ஸ்பீக்கர் | நன்று | நடுத்தரம் | முதலிடம் | நன்று | இருக்கைச் சண்டை |
| ஹெட்போன் | மிக நன்று | அதிர்வு இல்லை | சுமார் | நன்று | துணையின்றிப் பார்ப்பது |

## பணம் கொடுப்பதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை

இருக்கும் தொலைக்காட்சியிலேயே சிலவற்றை மாற்றிப் பார்க்கலாம். ஓ.டி.டி. செயலியில் ஒலி '5.1' என்று இருந்தால், இரண்டே ஸ்பீக்கர் உள்ள தொலைக்காட்சி அந்த ஆறு தடங்களைத் தானே கலந்துகொள்ள வேண்டியிருக்கும். அப்போது வசனம் இசைக்கு அடியில் அமுங்குவதுண்டு. ஒலித்தெரிவில் 5.1 இல்லாத சாதாரணத் தமிழ்த் தடம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இரவில் வெடிச்சத்தத்துக்கு ஒலியைக் குறைப்பதும் பேச்சுக்குக் கூட்டுவதுமாக ரிமோட்டைக் கையில் பிடித்திருப்பவர்களுக்காகவே 'நைட் மோட்' இருக்கிறது. வீச்சு குறையும், வசனம் மேலே வரும். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு உயர்ந்த அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிளை இரண்டு மூன்று படி குறைத்தால், முன்பு அரங்கின் கருவி செய்த மழுங்கலை நீங்களே செய்ததாகும். கீச்சொலி அடங்கிக் குரலின் கனம் தெரியவரும்.

காதையும் சோதித்துக்கொள்ள வேண்டும். வயது ஏறும்போது முதலில் தேய்வது உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் திறன். ச, த, ப போன்ற மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய உதவும் நுண்ணொலிகள் அங்கேதான் இருக்கின்றன. "சத்தம் கேட்கிறது, வார்த்தை பிடிபடவில்லை" என்பவர்களில் சிலருக்குத் தேவைப்படுவது சவுண்ட்பார் அல்ல, காது மருத்துவரிடம் ஒரு செவித்திறன் பரிசோதனை. அதன் கட்டணம் மிக மலிவான சவுண்ட்பாரின் விலையிலும் ஒரு சிறு பங்குதான். செவி நன்றாக இருக்கிறது என்று தெரிந்தபின் கடைக்குப் போகும்போது, உங்களுக்கு வசனம் மனப்பாடமான ஒரு பழைய படத்தின் காட்சியைக் கைப்பேசியில் கொண்டுபோய் அதையே ஓட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் போட்டுக்காட்டும் வெடிகுண்டுக் காட்சியில் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் இருக்கும்.